வாயில் கடிதம் வைத்திருந்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எர்லாங்கன் தமிழ் நண்பர்கள் சங்கத்தின் தலைவர் கோபாலன் அவர்களே! நான் பேசுவதில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருக்கும் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் அவர்களே! முன் வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தங்கை வைதேகி! நியூரம்பர்க்கிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் நண்பர்களே, மாணவர்களே! உங்கள் எல்லோருக்கும் நாகலட்சுமியின் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் பேச வருகிறவர் முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்வார், பிறகு புகழ்வார். நான் முதலில் சந்தேகப்படப் போகிறேன். மறைந்த முனைவர் வாசுதேவன் அவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்னால் செய்ய முடியாது. ஏனென்றால் சந்தேகப்படுவதுதான் அவருடைய தொழில்.

இதோ, மாலை போட்டு வைத்திருக்கிறோமே, இந்தப் படம். இதில் அவர் சிரிக்கிறார். காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் எப்படிச் சிரித்தார்? உள்ளே வந்ததும் அவருடைய மனைவி வைதேகியைக் கேட்டேன். அவர் சிரித்தது காமிராவைப் பார்த்து இல்லையாம். படம் எடுத்தவர் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே இரண்டு முறை எடுத்துவிட்டு மூன்றாவது முறை கழற்றினாராம். அதற்குச் சிரித்திருக்கிறார். சரி, நம்புகிறேன்.

அடுத்து, உங்களைச் சந்தேகப்படுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பு அவருடைய உடலை எரியூட்டக் கொண்டுபோனபோது எத்தனை பேர் வந்தோம்? ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரலாம், அவ்வளவு பேர். இன்று இந்தத் தேவாலயக் கூடத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறீர்கள். நடுவில் என்ன நடந்தது? போன வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் பேராசிரியர் இரங்கல் எழுதினார். 'மிசூரி மாநிலத்தின் போர்க்கால வரலாற்றில் ஐரோப்பாவிலேயே முதன்மையான ஆய்வாளர்' என்று எழுதினார். அச்சில் வந்த பிறகு வருவதற்குப் பயமில்லை, அப்படித்தானே? இல்லையென்று யாராவது சொன்னால் மகிழ்ச்சியோடு என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சரி. மேலே போகிறேன்.

நம்மில் பலருக்கு அவருடைய வேலை என்னவென்றே தெரியாது. "அவர் ஹிஸ்டரி" என்பார்கள், ஏதோ அவருக்கு ஒரு வியாதி இருப்பதுபோல. நாம் பெரும்பாலும் எஞ்சினீயர்கள், வேதியியல்காரர்கள். நான் நொதிகளைச் சோதனைக்குழாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். நமக்கு நடுவில் ஒரு மனிதர், இந்தியாவைப் பற்றியும் இல்லாமல், ஜெர்மனியைப் பற்றியும் இல்லாமல், அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பு நடந்த உள்நாட்டுப் போரில் ஒரே ஒரு மாநிலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் யாருக்குத்தான் புருவம் உயராது? நானும் கேட்டேன்.

"வாசுதேவன், உங்களுக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலையா?"

அவர் சொன்னார்: "நாகலட்சுமி, பெரிய தளபதிகளோட போரை அமெரிக்காக்காரா எழுதிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரன் போரை நான் எழுதறேன். அது மிசூரியிலதான் நடந்தது."

நண்பர்களே, அந்த மாநிலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடிமைகளை வைத்திருந்த மாநிலம், ஆனால் அமெரிக்க ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்து போகாத மாநிலம். ஒன்றியத்தின் கொடியிலும் அதற்கு ஒரு நட்சத்திரம். பிரிந்து போனவர்களின் கொடியிலும் அதற்கு ஒரு நட்சத்திரம். ஆளுநர் இரண்டு, அரசாங்கம் இரண்டு. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் துப்பாக்கி எடுத்து ஒன்றியத்துக்காக நின்றார்கள். நாட்டுப்புறத்தில் அதே ஜெர்மானியக் குடியானவன் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தான். குதிரையில் வந்து கதவைத் தட்டுகிறவன் நீலச் சட்டை போட்டிருப்பான். ஒன்றியத்தின் சிப்பாயாக இருக்கலாம். சிப்பாயைக் கொன்று சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்ட எதிரியாகவும் இருக்கலாம். "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பான். என்ன பதில் சொல்வீர்கள்? சரியான பதில் சொன்னால் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போவான். தவறான பதில் சொன்னால் வாசலிலேயே சுட்டுவிடுவான். ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டவனை ஒரு சாரார் சுட்டார்கள். போடாதவனை மறு சாரார் சிறையில் அடைத்தார்கள். மேற்கு எல்லையில் சில மாவட்டங்களை ஒரே உத்தரவில் காலி செய்து, வீடுகளைக் கொளுத்தினார்கள். ஏன்? அங்கே இருப்பவர்களில் யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று தெரியவில்லை, அதனால் எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள்!

இந்த மாநிலத்தைத்தான் முனைவர் வாசுதேவன் அவர்கள் எடுத்துக்கொண்டார். அவர் இங்கே வந்து இறங்கியது அறுபத்தொன்றாம் வருஷத்து இலையுதிர்காலம். பெர்லினில் சுவர் எழும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வாடகை வீட்டுக்காரர் முதல் நாளே அவரைக் கேட்டாராம், உங்கள் நாடு எந்தப் பக்கம் என்று. "அன்னிக்கே தெரிஞ்சுடுத்து, இந்த ஊர்ல உட்கார்ந்துதான் மிசூரியைப் புரிஞ்சுக்க முடியும்னு" என்பார்.

அவருடைய முறை என்ன? இரண்டே கேள்வி. யார் பார்த்தது? எங்கே நின்று பார்த்தது? நூறு வருஷத்துக்கு முந்தைய படைத் தளபதியின் அறிக்கையானாலும் இதே கேள்விதான், நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் சாம்பாரில் உப்பு அதிகம் என்ற புகாரானாலும் இதே கேள்விதான். ஒருமுறை சாம்பாரை ருசி பார்க்காமலே புகார் சொன்ன மூன்று பேரைக் கண்டுபிடித்தார். அவர்களும் இங்கே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. கேட்டால் "எல்லாரும் சொன்னா" என்றார்கள். "எல்லாரும்னு ஒருத்தர் இல்லை, அவருக்கு அட்ரஸ் கிடையாது" என்றார் அவர். இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு சாட்சி போதாது. இரண்டாவது சாட்சி வேண்டும். அந்த இரண்டாவது ஆள் முதல் ஆளுக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது.

இந்த விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது, நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டது, ஆனால் யாரும் மேடையில் சொல்லாதது.

முனைவர் வாசுதேவன் ஓர் ஒற்றர் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஏன் தலையைக் குனிகிறீர்கள்? மூன்று வருஷமாக உண்டு. அவர் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை எல்லை தாண்டிக் கிழக்கு ஜெர்மனியிலுள்ள லைப்சிக் போவார். போகும்போது காப்பிக்கொட்டைப் பொட்டலம் கொண்டுபோவார். அவரோ காப்பியே குடிக்காதவர். திரும்பும்போது வாங்கி வந்தது என்று ஒன்றும் இருக்காது. ரயிலில் உதடு அசைந்துகொண்டே இருக்கும். எர்லாங்கனில் இறங்கியதும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் குளிரிலேயே எழுதோ எழுதென்று எழுதுவார். எழுதி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போவார். போதாதா? கிழக்கு ஜெர்மனிக்காரர்களிடம் சங்கேதச் செய்தி வாங்கிக்கொண்டு வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டோம். அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தினோம். போன தீபாவளிக்கு வைதேகி பாதுஷா செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் அதையே கணவனும் மனைவியும் சாப்பிட்டார்கள்.

நானும் இந்தப் பேச்சைக் கேட்டேன். கேட்டதும் என்ன செய்தேன்? நேரே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"நீங்க ஸ்பையா?" என்று கேட்டேன்.

பாவம், அவர் கழுத்தில் துண்டோடு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது! "பேஷ்! இந்தக் கேள்வியை வாசல்ல வந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான். யார் பார்த்தா? எங்கே நின்னுண்டு பார்த்தா?" என்றார். பிறகு உட்காரவைத்து எல்லாம் சொன்னார். நான் ஒரே தடவையில் நம்பவில்லை. ஆறு மாதம் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் நம்பினேன். அதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மிசூரியில் ஒரு ஜெர்மன் குடியிருப்பு. அங்கே ஒரு மாவு மில்காரர். தானியம் கொண்டுவந்தவர் யாரானாலும் அரைத்துக் கொடுத்தார். ஒருநாள் சாயங்காலம் நீலச் சட்டைக்காரர்கள் வந்து அவரை மில் வாசலில் சுட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒற்றர் என்றார்கள். எந்தப் பக்கத்து ஒற்றர்? ஒன்றியக்காரர்கள் அவரை எதிரியின் ஒற்றர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தார் அவரை ஒன்றியத்தின் ஒற்றர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! இந்த முடிச்சைத்தான் முனைவர் வாசுதேவன் பல வருஷம் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புத்தகமே அந்த மில் வாசலிலிருந்துதான் தொடங்குகிறது.

மில்காரரின் மனைவி, ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் இருந்த தன் தங்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தக் கடிதங்கள் தங்கையின் பேத்தியிடம் இருக்கின்றன. அவர் லைப்சிக்கில் இருக்கும் ஒரு மூதாட்டி, எண்பதைத் தாண்டியவர். கடிதங்களை வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார், படம் எடுக்கவும் விடமாட்டார். எதிரில் உட்கார்ந்து படிக்கலாம், அதற்கு நல்ல காப்பி கொண்டுவர வேண்டும். அங்கே நல்ல காப்பிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. பொட்டலத்தின் கதை இவ்வளவுதான்!

முதல் தடவை அவர் எல்லாவற்றையும் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். எல்லையில் பரிசோதனைக்காரர்கள் பார்த்தார்கள். இந்தியர், மேற்கிலிருந்து வருகிறார், பழைய ஜெர்மன் கையெழுத்தில் என்னவோ எழுதி வைத்திருக்கிறார். அவர்களும் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் வேலை அது. காகிதங்கள் அங்கேயே தங்கிவிட்டன.

வேறொருவரானால் விட்டிருப்பார். இவர் என்ன செய்தார்? சின்ன வயதில் பிரபந்தம் கற்றுக்கொண்ட முறை அவருக்குக் கைவசம் இருந்தது. சந்தை என்பார்கள். சொல்லித்தருகிறவர் ஒரு வரியை ஒரு முறை சொல்வார். கற்றுக்கொள்கிறவர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகம் கிடையாது. பொருள் பிறகு வரும், முதலில் ஓசை நாக்கில் உட்கார வேண்டும். அந்த முறையில், ஐயா, மிசூரி மில்காரர் மனைவியின் ஜெர்மன் கடிதங்களை அவர் மனப்பாடம் செய்தார்! லைப்சிக்கில் அந்த மூதாட்டியின் சமையலறையில் உட்கார்ந்து, தனக்குத்தானே ஒருமுறை சொல்லி, இரண்டு முறை திருப்பிச் சொல்லி, ஒரு கடிதத்தை முழுசாக வாயில் ஏற்றிக்கொள்வார். எல்லைக்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பையில் ஒரு துண்டும் ஓவல்டின் டப்பாவும் இருக்கும். அவர்கள் தேடுவது வாயில் இருக்கும்.

வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை வேறு பேசினால் ஒரு வரி போய்விடும். வீட்டுக்குப் போனால் வைதேகி "வந்துட்டேளா" என்பாள், அதற்குப் பதில் சொன்னால் ஒரு பத்தி போய்விடும். அதனால் நிலையத்து பெஞ்சிலேயே எழுதி இறக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இப்போது பேச்சு எங்கே பிறந்தது என்று பார்ப்போமா? யார் பார்த்தது? நான் விசாரித்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம், பாம்பெர்க் நிலையத்தில் அந்த ரயிலில் நம் நண்பர் சேதுராமன் ஏறினார். சேதுராமன், நீங்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் "நமஸ்காரம், எங்கேர்ந்து வரேள்?" என்றார். முனைவர் வாசுதேவன் உள்ளங்கையைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. எர்லாங்கன் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. சேதுராமனுக்கு மனசு விட்டுப்போயிற்று. யாருக்குத்தான் போகாது? அவர் பார்த்தது அவ்வளவுதான். "மனுஷர் வணக்கத்துக்குக்கூட வாய் திறக்கலே, தானா முணுமுணுத்துண்டு வந்தார்" என்று ரகுநாதனிடம் சொன்னார். ரகுநாதன் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். சிக்னல், சங்கேதக் குறி, இதுதான் அவருக்கு நாள் முழுவதும். "கோட் வேர்டு மாதிரி இருக்கே" என்றார், விளையாட்டாக. அது நம் தலைவர் கோபாலன் காதுக்கு வந்தது. தலைவர் பொறுப்புள்ளவர், மாணவர்களின் விசாவுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று கவலைப்பட்டார். "எதுக்கும் கொஞ்சம் கேர்ஃபுல்லா இருங்கோ" என்றார். தலைவரே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. கெட்டவர்கள் யாரும் இதில் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டுக்குப் போகும் பாதையில் புல் முளைத்துவிட்டது.

ஒன்று கேளுங்கள். லைப்சிக்கில் அந்த மூதாட்டியும் இவரைச் சந்தேகப்பட்டார்! இங்கே நாம் இவரைக் கிழக்கின் ஒற்றர் என்றோம். அங்கே அவர் இவரை மேற்கின் ஒற்றர் என்று நினைத்தார். அதனால்தான் மில்காரர் செத்த பிறகு மனைவி எழுதிய கடைசிக் கடிதத்தை மட்டும் வருஷக்கணக்காகக் காட்டவில்லை. "அடுத்த தடவை, அடுத்த தடவை" என்றே தள்ளிப்போட்டார். இந்த மார்ச் மாதம்தான் காட்டினார். முனைவர் வாசுதேவன் ஏற்கனவே காய்ச்சலோடுதான் போயிருந்தார். அந்தக் கடிதத்தை வாயில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். எர்லாங்கனில் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். எழுத முடியவில்லை. நிலையத்து ஊழியர்கள் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது.

வைதேகி ஓடினாள். அவர் அவளிடம் நலம் விசாரிக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஒரு வரி சொன்னார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் பிரபந்தம் ஓதும் வீட்டில் பிறந்தவள்தானே! இரண்டு முறை திருப்பிச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஜெர்மன், பால் வாங்கவும் பஸ் டிக்கெட் வாங்கவும்தான் போதும். அந்தக் கடிதத்தில் பாதிச் சொல் அவளுக்குப் புரியாது. இரண்டு பகல் அவர் சொல்ல, அவள் சொல்ல, கடிதம் முழுக்க அவள் நாக்குக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். ஒரு நிமிஷம் பொறுங்கள்.

பத்து வருஷம் ஒரு மனிதன் உழைத்த புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இப்போது வைதேகியின் வாயில் இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அருமையான கடிதம். ஆனால் மனப்பாடம் ஆதாரம் ஆகாது" என்றார். நோயாளி சொல்லி, மொழி தெரியாத மனைவி கேட்டு, உயிர்வேதியியல் ஆராய்ச்சிக்காரி எழுதியதை எந்த வரலாற்றுத் துறை ஏற்கும்? இலையுதிர்காலம்வரை காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் மூலத்தைப் பார்த்து யாராவது உறுதி செய்யாவிட்டால், புத்தகம் கடைசி அத்தியாயம் இல்லாமல் அச்சுக்குப் போகும். அதாவது மில்காரர் ஒற்றரா இல்லையா என்று சொல்லாமலே முடியும். எனக்கு ஆத்திரம் வந்தது. வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது, முனைவர் வாசுதேவன் அவர்களே உயிரோடு இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று!

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது? ஒரு வரியை மட்டும் தமிழில் சொல்கிறேன். மில்காரரின் மனைவி எழுதுகிறாள்: 'என் கணவர் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். நாங்கள் அவரைப் புதைத்தபோது யாரும் வாசலுக்கு வரவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள்.'

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கும் முதலில் கேட்டபோது இப்படித்தான் இருந்தது. பிறகு என் புத்தி என் புத்தியாக வேலை செய்தது. இவ்வளவு பொருத்தமாக ஒரு வரி வருமா? நூறு வருஷத்துக்கு முன்பு மிசூரியில் எழுதியது, இன்று எர்லாங்கனில் நம் சட்டையைப் பிடித்து உலுக்குமா? காய்ச்சல் வேகத்தில் அவர் தன் கதையையே சொல்லிவிட்டாரா? அல்லது எரியூட்ட வராதவர்களை நினைத்து வைதேகியின் வாய் தானாக ஒரு வரி சேர்த்துவிட்டதா? ஆமாம், இதையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதோடு நிற்காமல் அவளிடமே போய்க் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா அக்கா?" என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பிறகு அவளே சொன்னாள்: "அவரும் சந்தேகப்பட்டிருப்பார். நான் சேர்க்கலே. அவர் சேர்த்தாரான்னு எனக்குத் தெரியாது. லைப்சிக் போய்ப் பார்த்துட்டு வாங்கோ. இல்லைன்னா இல்லைன்னே எனக்கு எழுதுங்கோ. ஆனா யாராவது போய்ப் பார்க்கணும்."

வைதேகி வரும் வியாழக்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறாள். அவருடைய அஸ்தியோடு போகிறாள். அவளோடு கூட இந்த ஊர்ப் பேச்சும் விமானம் ஏற வேண்டுமா? அந்த அம்மா மிசூரியில் வீடு வீடாகப் போய்க் கேட்டாளே, அதுபோல இவள் அங்கே ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? சொல்லுங்கள்!

என்ன தலைவரே? மைக்கைக் கேட்கிறீர்களா? இந்தாருங்கள்... நன்றி. கேட்டீர்களா எல்லோரும்? "நான் பார்க்கலை. விசாரிக்கவும் இல்லை. வைதேகிம்மா, சொன்னது தப்பு" என்று தலைவர் கோபாலன் அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கை தட்டாதீர்கள், இது இரங்கல் கூட்டம். ஆனால் நன்றி.

இது பாதிதான். மீதிப் பாதி லைப்சிக்கில் இருக்கிறது. செப்டம்பர் மாதம் அங்கே வணிகக் கண்காட்சி; அப்போது விசா கொடுப்பார்கள். நான் விண்ணப்பித்துவிட்டேன். காப்பிக்கொட்டையும் வாங்கிவிட்டேன். காகிதத்தில் எழுதிய கடிதத்தோடு எல்லையில் நிற்க முடியாது. அதனால் வைதேகியிடமிருந்து அதை வாயில் வாங்கிக்கொண்டு போய், மூலத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களை வாயிலேயே சுமந்து வர வேண்டும். அந்த ஒரு வரி அங்கே இருக்கிறதா, இல்லையா? இருந்தால் இருக்கிறது என்பேன். இல்லாவிட்டால், என் நெஞ்சு உடைந்தாலும் சரி, இல்லை என்று பேராசிரியரிடம் சொல்வேன். முனைவர் வாசுதேவன் அவர்களின் பெயரில் ஒரு பொய் அச்சாக நான் விடமாட்டேன்.

ஆனால் நான் ஒருத்தி போதாது. அவருடைய விதி என்ன? இரண்டாவது சாட்சி வேண்டும், அவர் முதல் சாட்சிக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. நான் வாசுதேவனை நம்பியவள். என்னோடு வருகிறவர் அவரை நம்பாதவராக இருந்தால்தான் இது நிற்கும். வந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது உங்கள் உதடு அசையும். ஊர் பார்க்கும். உங்களைப் பற்றியும் ஒரு பேச்சு கிளம்பும். நாளைக்கு விசாவில் ஒரு கேள்வி வந்தாலும் வரலாம். நான் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. யாராவது உண்டா?

மூன்றாவது வரிசையில் என்ன சலசலப்பு? சேதுராமன், எழுந்துவிட்டீர்களா? வீட்டுக்குப் போகிறீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள், இங்கே கேட்கவில்லை.

"நான் வரேன்" என்கிறார்.

ஏன் வருகிறீர்கள் என்று கேட்காமல் விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள், சேதுராமன். கேட்பேன். போகும்போது ரயிலில் கேட்கிறேன். திரும்பும்போது இரண்டு பேராலும் பேச முடியாது.

நண்பர்களே, வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்போம். மூன்று வருஷம் நாம் அவர் வீட்டு வாசலில் காட்டிய மௌனம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று வேறொன்று செய்வோம். வைதேகி ஒரு வரி சொல்வாள். ஜெர்மன் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எல்லோரும் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்வோம். இந்தக் கூடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வரியையாவது எடுத்துக்கொண்டு போங்கள். நாளைக் காலை பஸ்ஸிலும், வேலைக்குப் போகும் சைக்கிளிலும் சொல்லிக்கொண்டே போங்கள். செப்டம்பர்வரை இந்தக் கடிதத்தை எர்லாங்கன் முழுக்க உயிரோடு வைத்திருப்போம். எனக்கோ சேதுராமனுக்கோ வழியில் ஒரு சொல் தவறினால், கேட்டுத் திருத்திக்கொள்ள ஓர் ஊர் இருக்க வேண்டும். முனைவர் வாசுதேவன் அவர்களுக்கு நாம் செய்யும் உறுதிமொழி இதுவாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. செப்டம்பரில் பாம்பெர்க் நிலையத்தில் உங்களில் யாராவது ரயிலேறி, என்னைப் பார்த்து வணக்கம் சொல்லி, நான் வாய் திறக்காவிட்டால், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு பேச எனக்கு ஆசைதான். பக்கத்தில் வந்து உட்காருங்கள். எர்லாங்கன் வந்ததும் அந்த பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருங்கள். எழுதி முடித்துவிட்டு முதல் வார்த்தை உங்களோடுதான் பேசுவேன்.

எழுந்திருங்கள் எல்லோரும். வைதேகி, சொல்லம்மா.